டம்மி மருந்து காய்ச்சியவள்

அந்த ஸ்பூனை அவள் நக்கிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள். மறுநாள் காலை, கையுறைகூட மாட்டாமல் நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு விழுந்திருக்கிறது என்னோடது."

"என்னடி உளர்றே?"

"என்னோடதுதான். நாக்குல வச்சுப் பாத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பாட்டில் கழுவும் தொட்டிப் பக்கம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே குழாயைத் திறந்துவிட்டால் என்ன பேசினாலும் வெளியே கேட்காது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு டம்மி என்று பெயர். சொந்தப் பெயர் வாசல் காவலாளிக்குக்கூட மறந்துபோயிருக்கும். நாங்கள் அப்போது ஒரு மலைச்செடியின் வேரிலிருந்து சாறு எடுத்து, தீராத அசதி நோய்க்கு அது கேட்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தோம். சோதனையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜச் சாறு போகும். மீதிப் பாதிக்கு, பார்க்கவும் குடிக்கவும் அதைப் போலவே இருக்கிற வெறும் தண்ணீர் போகும். யாருக்கு எது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். நிஜச் சாற்றைக் காய்ச்சுவது நான். வெறும் தண்ணீரைக் காய்ச்சுவது அவள். இரண்டையும் மருந்தாளுநர் வாங்கிக்கொண்டு போய், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து எண் ஒட்டுவார். எந்த எண் எது என்பது அவரோடு சரி.

தண்ணீரைக் காய்ச்ச ஒரு ஆளா என்று கேட்பீர்கள். செய்து பார்த்தால் தெரியும். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரிதான் மிஞ்சும். கசப்புக்கு ஒரு பொடி, வேரின் மண்வாசனைக்கு ஒரு எசன்ஸ், கொழகொழப்புக்குக் கொஞ்சம் பிசின். எல்லாம் என் சாற்றோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். பொருந்தியது. இரண்டு கிண்ணங்களில் ஊற்றி எல்லோரையும் குடிக்க வைத்தோம். பெரிய டாக்டர் தோற்றார், மருந்தாளுநர் தோற்றார், தினமும் அந்த வேரோடு மாரடிக்கிற நானும் தோற்றேன். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நிஜச் சாற்றின் கசப்பு, வாய் கொப்பளித்தாலும் தொண்டையில் கொஞ்ச நேரம் குந்திக்கொண்டிருக்கும். அவளுடையது கொப்பளித்ததும் போய்விடும். "அந்த ஒரு இடத்துல மட்டும் உங்களை ஜெயிக்க முடியலக்கா" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வாள்.

வேலை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். உள்ளே என்ன செய்கிறோம் என்று வீட்டில்கூடச் சொல்ல மாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் வாக்குக் கொடுத்திருந்தோம். நான் என் வீட்டில் முக்கால்வாசியைச் சொல்லியிருந்தேன். அவள் கணவர் கேட்டபோது, "மருந்து காய்ச்சுறேங்க" என்றாளாம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல நாளில் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனால், வந்து கம்பி ஏணியில் விறுவிறுவென்று ஏறுவார், மேலேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும். அப்படித்தான் இவளைப் பிடித்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுதவளிடம் கதவு இடுக்கு வழியாக ஜோக் சொல்லிக்கொண்டே ரிப்பேர் பார்த்தாராம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, அதோடு வந்த அசதி போகவில்லை. குளித்தால் அன்றைக்கு மிச்ச நேரம் படுக்கை. ஒரு மாடி ஏறினால் மறுநாள் முழுக்க எழுந்திருக்க முடியாது. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஊருக்குக் காட்ட ஒரு கட்டோ தழும்போ இல்லாத நோய் வந்தவன் பாடு, திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாய்விட்டு அழவும் முடியாது.

அவர்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். தையல்காரி. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நாள் முழுக்க அவள் தையல் மெஷின் தடதடக்கும்; அந்தச் சத்தம் கீழே படுத்திருப்பவர் தலையில் உளியாக இறங்கும். டம்மி போய்க் கெஞ்சியும் பார்த்தாள். "அவன் படுத்துக் கிடக்கிறதுக்கு நான் பட்டினி கிடக்கணுமா?" என்று கேட்டாளாம். நியாயமான கேள்விதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நிற்க மாட்டாளே. படிக்கட்டில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பிப்பாள். "குந்தித் தின்னா குன்றும் மாளும். என் தம்பிக்கு உடம்புல ஒண்ணும் இல்ல, மனசுலதான் சோம்பேறித்தனம். நல்லா நடிக்கிறான்." பாவம், அவர் உள்ளே தலையணையால் காதை மூடிக்கொண்டு கிடப்பார்.

இந்தச் சோதனையில் எங்கள் ஆட்களின் வீட்டார் சேரக் கூடாது என்பது விதி. டம்மி, அவர் தன் கணவர் என்பதை மறைத்தாள். வேறு ஆஸ்பத்திரி வழியாக அவரைச் சேர்த்துவிட்டாள். "தட்டாத கதவு இல்லக்கா. இது ஒண்ணுதான் தெறந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னாள். முதல் பாட்டில் வீட்டுக்கு வந்த அன்று அவர் ஒரு ஸ்பூன் குடித்தார். அதைக் கழுவப் போனவளுக்குக் கை நிற்கவில்லை. நக்கினாள். வாய் கொப்பளித்தாள். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கசப்பு போய்விட்டது.

குழாய்ச் சத்தத்தில் நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். "பாதிப் பேருக்கு அதுதான் விழும்னு தெரிஞ்சுதானே சேர்த்தே? இப்ப வாயைத் தெறந்தா உன் வேலை போகும், இத்தனை பேர் உழைப்பும் பாழாகும். கம்முனு இரு."

"அவர் நம்பிக் குடிக்கிறாருக்கா. குடிச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு."

"சிரிக்கட்டும். சோதனை முடிஞ்சதும் நிஜச் சாறு கேட்டு வாங்கிக்கலாம்."

அப்படிக் கொடுப்பார்களா என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை. அவர் தேற ஆரம்பித்தார்.

சாயங்காலம் நர்ஸ் ஃபோன் செய்து, "அசதி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பாள். பத்து என்றால் தலையைத் தூக்க முடியாத நிலை. ஒன்பதில் ஆரம்பித்தவர் எட்டு என்றார், ஆறு என்றார், ஒரு நாள் நாலு என்றார். டம்மி வீடு திரும்பும்போது சட்டையை மாற்றி, தலை சீவி, அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். "வந்துட்டியா? இரு, டீ போடறேன்" என்பார். அவள் மறுநாள் வந்து அதைச் சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் பட்டேன். என் வேரை நான் வேகாத வெயிலில் காயவைத்து, இடித்து, வடித்து எடுக்கிறேன். இவள் சர்க்கரைத் தண்ணீர் ஆளை எழுப்பி உட்கார வைக்கிறதே என்று.

நம்பிக்கையே மருந்தாகிவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டினோம். அப்படி ஆவதுண்டு. அதற்காகத்தானே டம்மியே வைக்கிறோம்.

அவள் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. பெரிய டாக்டர் ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு, சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் அவர் குடித்தது எது என்று நேரில் சொல்லிவிட வேண்டும் என்றார். "உடம்பைக் கொடுத்தவங்க அவங்க. உண்மை அவங்களுக்குத் தெரியணும்." நல்ல மனுஷர், நல்ல பேச்சு. எனக்குப் பக்கத்தில் நின்றவள் மட்டும் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அக்கா, அவர் குடிச்சது வெறும் சக்கரைத் தண்ணின்னு அவர்கிட்ட சொல்லுவாங்க. அது மேல்வீட்டு அண்ணி காதுக்குப் போகும். போனா என்ன சொல்லுவாங்க தெரியுமா? தண்ணியக் குடிச்சு எந்திரிச்சவனுக்கு என்னடா நோய், நாலு வருஷமா நடிச்சிருக்கான்னு சொல்லுவாங்க. ஊரே சொல்லும். அவரே அதை நம்பிடுவாருக்கா. அதுக்கப்புறம் அவர் உயிரோட இருக்க மாட்டாரு."

நோய் தீர்ந்தாலும் பழி தீராது போலிருந்தது. நாள் நெருங்க நெருங்க அவள் உருகினாள். சர்க்கரை அடிக்கடி கரிந்தது. அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள், கண்ணெதிரே கருகும், அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் மருந்தாளுநரின் பூட்டிய அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். என்ன செய்யப் பார்க்கிறாள் என்று புரிந்ததும் ஓடினேன். முழங்கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"பாட்டில் நம்பரை மாத்தச் சொல்லிக் கேக்கப் போறியா? பைத்தியமா உனக்கு?"

"வேற என்ன செய்யட்டும், சொல்லுங்க."

அவளை அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

அவருடைய கடைசிப் பரிசோதனைக்கு முந்தைய நாள், மதியத்துக்கு மேல் எங்கள் பாய்லர் படுத்துவிட்டது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் இடைவிடாமல் நடந்து காட்ட வேண்டும். "நீங்களும் வந்து ஒரு தடவை அவர் நடக்கறதைப் பாருங்கக்கா, எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். போனேன். லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வைத்தியன் வீட்டில் நோயாளி மாதிரிதான். மூச்சு வாங்க ஏறினோம். மேலே மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் தன் சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரே இருட்டு. எல்லா ஜன்னலிலும் திரை. மேஜை மேல் காலையில் ஊற்றிய டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் குறுக்கே விழுந்து கிடந்தார். கண் மேல் ஈரத் துண்டு. ஒரு காலில் செருப்பு. அவளை வழியனுப்பிவிட்டு வந்து விழுந்தவர், இன்னொரு செருப்பைக் கழற்றவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனசில்லை.

"தூங்குறாரு. எழுப்ப வேண்டாம், சமையக்கட்டுல உக்காருங்க" என்று கிசுகிசுத்தாள்.

உட்கார்ந்தோம். தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள் படுக்கையறையில் அலாரம் அடித்தது.

அவள் வழக்கமாக வீடு திரும்புவதற்குக் கொஞ்சம் முந்தைய நேரம் அது.

ஒரு கை துழாவி அலாரத்தை அமுக்கியது. அப்புறம் சத்தமே இல்லை. பிறகு மூச்சு கேட்டது, சுமை தூக்குகிறவன் மூச்சு. கதவு இடுக்கில் எங்களுக்குத் தெரிந்தது. புரண்டார். முழங்கையை ஊன்றினார். நின்று மூச்சு வாங்கினார். காலைக் கீழே போட்டார். சுவரைப் பிடித்து எழுந்தபோது இரண்டு காலும் வெடவெடவென்று ஆடின. நிலைச்சட்டத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே, "வந்துட்டியா? இரு, டீ போடறேன்" என்றார்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. யாரிடமும் பேசவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "வந்துட்டியா? இரு, டீ போடறேன்." இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. உதட்டை இழுத்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு மூன்றாவது தடவை சொன்னபோது, அது லிஃப்ட் கூண்டுக்குள்ளிருந்து பாடிய பழைய குரலாகவே இருந்தது. மனுஷன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நாற்காலி கீச்சிட்டது. அவர் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் முழங்கால் மடங்கிவிட்டது. அவள் பாய்ந்து பிடித்தாள், நானும் பிடித்தேன், மூன்று பேருமாகத் தரையில் போய் விழுந்தோம். மேலே மெஷின் நின்றது.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள் அவள்.

"எல்லா நாளும்தான். நீ போனதும் படுப்பேன். நீ வர்றதுக்குள்ள எந்திரிப்பேன்."

"அந்த நர்ஸ்கிட்ட நாலுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"ஏங்க? யாரு கேட்டா உங்களை?"

அவர் அவள் கையை எடுத்துத் தன் மூக்கருகில் வைத்துக்கொண்டார். "பாட்டில் மூடியத் தெறந்ததுமே தெரிஞ்சிடுச்சு. கருக்கின வாசனை. தினமும் உன் கையில, உன் தலைமுடியில வர்ற அதே வாசனை. நீ காய்ச்சின மருந்துன்னு கண்டுபிடிச்சிட்டேன். நாலு வருஷமா எனக்காக வெந்து சாகறே. நீ காய்ச்சின மருந்து கேக்கலன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? உன் மருந்து தோத்துடக் கூடாதுன்னுதான்..."

"அது மருந்தே இல்லங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"பாதிப் பேருக்கு வெறும் தண்ணி குடுப்பாங்க. நான் காய்ச்சுறது அந்தத் தண்ணியைத்தான். அதுல ஒண்ணுமே கிடையாது. அங்க என் பேரே டம்மி. உங்களுக்கு விழுந்தது அதுதான்னு எனக்கு முதல் நாளே தெரியும். நம்பிக்கையில தேறிட்டீங்கன்னு நினைச்சு வாயை மூடிட்டிருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கக்கூடத் தெம்பில்லாத சிரிப்பு. "சக்கரைத் தண்ணிக்கா நான் இந்த ஓட்டம் ஓடினேன்?" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது. துடைக்கக் கை எழவில்லை. அவள்தான் துடைத்தாள்.

எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவர் மற்றவரைக் காப்பாற்றுகிறேன் என்று மாற்றி மாற்றி மறைத்திருக்கிறார்கள். இதில் அவர் உடம்பு பழையதைவிட மோசமாகிவிட்டது. இந்த நோயில் சக்திக்கு மீறி ஒரு நாள் நடந்தாலே ஒரு வாரம் படுக்கை. இவர் தினமும் நடந்திருக்கிறார்.

விழுந்த சத்தம் கேட்டு அக்காக்காரி இறங்கி வந்து வாசலில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்னடா இது? நேத்துகூட நல்லா நடந்தியே?"

டம்மி தலையைத் தூக்கினாள். அவள் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"நல்லா நடக்கல அண்ணி, நடிச்சாரு. நாலு வருஷமா நடிக்கிறான்னு ஊர் பூரா சொன்னீங்கல்ல? அப்பெல்லாம் நடிக்கல. இந்த மூணு மாசம்தான் நடிச்சாரு. வந்து பாருங்க."

அக்காக்காரி உள்ளே வந்து குனிந்து, தம்பியின் காலில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். பிறகு கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருமாகத் தூக்கிப் படுக்கையில் போட்டோம். அவர் எடையே இல்லாமல் இருந்தார்.

மறுநாள் டம்மி பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் கூட நின்றேன். தெரிந்தே மறைத்ததில் எனக்கும் பங்குண்டே. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்க வீட்டுக்காரர் நாலுன்னு சொன்னதை நம்பி, தண்ணியே இவ்வளவு வேலை செய்யுதுன்னு நான் எழுதியிருப்பேன்மா. அதைப் படிக்கிறவங்க, இது வெறும் மனப்பிரமைன்னு சொல்லி எத்தனை நோயாளிகளைத் துரத்தியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். அவள் கணவரின் எண்களைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். டம்மி காய்ச்சும் வேலையிலிருந்து அவளை எடுத்து, பாட்டில் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்கள். என் சாறு என்ன ஆனது என்று கேட்டால், சிலருக்குக் கொஞ்சம் கேட்டது, பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இன்னும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

போன வாரம் அவளோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். படி ஏறும்போதே மெஷின் சத்தம் கேட்டது. எதிரே யாரும் எழுந்து வரவில்லை. அடுப்படி காலி. அவர் திரை போட்ட அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் கைப்பையை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பத்துக்கு எத்தனை?"

"ஒன்பது." கொஞ்சம் யோசித்தார். "ஒன்பதரை போட்டுக்கோ."

"சரி, படுங்க. டீ நான் போடறேன்" என்றாள். அந்த எண்ணைக் கேட்டு யாருக்காவது முகம் தெளியுமா? அவளுக்குத் தெளிந்தது.

அடுப்பைப் பற்றவைக்கும்போது மேலே படிக்கட்டிலிருந்து அக்காக்காரி குரல் கொடுத்தாள். "இன்னைக்கு எத்தனையாம்?"

"ஒன்பதரை, அண்ணி."

அதற்குப் பிறகு நான் கிளம்பும்வரை மேலே மெஷின் ஓடவில்லை.